வாளிக்குள் ஒரு விண்வெளி வீரர்: கதையை ஒலியாக்க எந்த வழி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், எண்ணெய்ப் பனையான செம்பனைத் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) அக்கா ஒருவர், தினமும் ஈப்போவுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்கள் மூவர், மீதிப்பேர் படிக்கிற பிள்ளைகள். போன வருடம் ஆளுக்கொரு அறிவியல் புனைகதை எழுதுவது என்று ஆரம்பித்தோம். ஆறு தேறின. புத்தகமாகப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் காற்றாடியைப் பார்த்தார்கள். சரி, ஒலிக் கதையாகப் போடுவோம், சத்தமெல்லாம் சேர்த்து, அந்தக் காலத்து வானொலி நாடகம் மாதிரி என்று முடிவாயிற்று. தகராறு அதற்கப்புறம்தான்.

ஒருவர் கோயில் மண்டபத்தில் நேரடியாக நடிக்கலாம் என்றார். ஆசிரியர் ஒருவரே வாசிக்கட்டும், பின்னால் சத்தம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டிலிருந்து கைப்பேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் சுலபம். நான் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பதிய வேண்டும் என்றேன். ஒரு தம்பி, "எதுக்குண்ணே ஆளு? கம்ப்யூட்டரே பேசுமே" என்றான். ஐந்து வழியையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டோம். இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு எங்கள் அனுபவம் உதவலாம்.

வழியைத் தேர்வதற்கு முன்னால், கேட்கப்போவது யார், எதில் கேட்பார்கள் என்று பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை, அதனால் பட்டோம். முதல் கதையில் செவ்வாய்க்கு ஒரு கப்பல் கிளம்புகிறது. தம்பி கணினியில் 50 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது மிகத் தாழ்ந்த சுருதியில், ஓர் உறுமலை உருவாக்கியிருந்தான். ஹெட்போனில் கேட்டபோது நெஞ்சு அதிர்ந்தது. பெருமையோடு என் பெரியம்மாவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அவர் கைப்பேசியை வெங்காயக் கூடை மேல் சாய்த்து வைத்துவிட்டு சம்பாலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பும் இடம் வந்தது. இருபது விநாடி ஒன்றுமே கேட்கவில்லை. "என்னடா, நின்னு போச்சா? சார்ஜ் இல்லையா?" என்றார்.

கைப்பேசியின் ஸ்பீக்கர் நகக்கண் அளவுதான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அதனால் தள்ளவே முடியாது. எங்கள் ஊரில் இந்தக் கதைகளைக் கேட்கப்போகிறவர்களில் பாதிப்பேர் பெரியம்மா மாதிரி அடுக்களையில் கேட்பவர்கள், மீதிப்பேர் பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுகிறவர்கள். அப்புறம் நாங்கள் ஒரு தகரத் தட்டில் ரப்பர் விதைகளைக் கொட்டி, சுழன்றுகொண்டிருந்த சலவை இயந்திரத்தின் மேல் வைத்துப் பதிந்தோம். கடகடவென்று தட்டு அதிரும் சத்தம் மேல்ஸ்தாயியில் இருக்கிறது, கைப்பேசியில் கேட்கிறது. ஓர் ஒலியின் மேல் அதிர்வெண்கள் மட்டும் காதில் விழுந்தாலும், அடியில் இருக்கவேண்டிய கனத்த சுருதியை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் உறுமலையும் அடி மட்டும் இல்லாமல் மேலடுக்குகளோடு மறுபடி செய்தான் தம்பி. இரண்டாம் முறை பெரியம்மா அரைப்பதை நிறுத்தினார்.

இதிலிருந்துதான் என் கட்சி உருவானது. விண்கலச் சத்தத்தை இங்கே யாரும் கேட்டதில்லை. கேட்காத ஒன்றைக் காதுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், கேட்டுப் பழகிய ஒன்றை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆகவே சத்தங்களை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி, குரலைப் பற்றிய கேள்வி அதற்கடுத்துத்தான் என்பது என் எண்ணம். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சத்தத்துக்கு இரண்டு வழி. இணையத்தில் கிடைப்பதை இறக்கிக்கொள்ளலாம், அல்லது கையால் செய்யலாம். இறக்குவதற்கு நல்ல இடம் ஃப்ரீசவுண்ட். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கியது, காசு கிடையாது. ஆனால் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். சிலதுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சிலதுக்குப் பதிந்தவர் பெயரைப் போட வேண்டும், சிலதை வியாபார நோக்கில் பயன்படுத்தக்கூடாது. பின்னால் விளம்பரம் போடுகிற எண்ணம் இருந்தால் கடைசி வகையைத் தொடாதீர்கள். இறக்கிய சத்தத்தில் எனக்கு இருந்த குறை வேறு. அந்த மழை ஏதோ ஒரு பூங்காவில் இலை மேல் பெய்கிறது. நம் மழை தகரத்தில் விழுகிறது. அந்தக் கதவு கனத்த மரக்கதவு, மெத்தென்று மூடுகிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயன் வீட்டின் கதவு கீச்சிட்டு, இடித்து, மறுபடி கொஞ்சம் திறந்துகொள்ளும். நம் ஊர்க்காரன் காது இதைக் கண்டுபிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

கையால் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது பால் வாளி. ரப்பர் பால் எடுக்கும் பழைய அலுமினிய வாளி ஒன்று ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் பூந்தொட்டியாகக் கிடந்தது. மண்ணைக் கொட்டிவிட்டுக் கழுவி, நடிப்பவர் முகத்தை அதற்குள் பாதி நுழைத்துப் பேசினால் விண்வெளித் தலைக்கவசம் தயார். மூச்சு திரும்பி வந்து மூக்கிலேயே மோதும் சத்தம் எந்த மென்பொருளிலும் எங்களுக்கு அப்படி வரவில்லை. வாளிக்குள் ஒட்டியிருந்த புளித்த பால் நாற்றம் எத்தனை முறை கழுவியும் போகவில்லை என்பதால், அதற்குள் முகம் வைத்தவர் நிஜமாகவே அவசரமாக மூச்சு விட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

லேசர் துப்பாக்கிக்கு ஸ்லிங்கி என்கிற சுருள் கம்பி. ஒரு முனையைக் காகிதக் குவளையில் குத்தி, மறுமுனையைத் தொங்கவிட்டுப் பென்சிலால் தட்டினால் 'பியூவ்' என்று கீழிறங்கும். நீளமான கம்பியில் உயர்ந்த சுருதி அலைகள் வேகமாக ஓடி முதலில் வந்து சேர்கின்றன, தாழ்ந்தவை பின்தங்குகின்றன, அதனால்தான் அந்தச் சறுக்கல். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிற வானவில் நிறப் பிளாஸ்டிக் சுருள் வேலைக்கு ஆகாது, இரும்பாக இருக்க வேண்டும். விண்கலத்தின் காற்றறை திறப்பதற்குச் செம்பனை ஆலை. பழக்குலைகளை அழுத்தமான நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்துவிட்டு ஆவியைத் திறந்து விடும்போது வரும் சீறல் வேலிக்கு வெளியே நின்றாலே கேட்கும். கிராணி அக்கா நேரம் கேட்டுச் சொன்னார், போய்ப் பதிந்துகொண்டு வந்தோம்.

அறிவியலுக்கும் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா. விண்வெளியில் காற்று இல்லை, வெளியே வெடித்தால் சத்தமும் இல்லை. அதனால் எங்கள் கதைகளில் கப்பலுக்கு வெளியே நடப்பதெல்லாம் வாளிக்குள் மூச்சுச் சத்தம் மட்டும்தான். செவ்வாய் வேறு கதை. அங்கே மெல்லிய காற்று உண்டு, அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி மைக் கொண்டுபோய் அங்கத்திய சத்தத்தைப் பதிந்து அனுப்பியிருக்கிறது. ஒலியின் வேகம் அங்கே விநாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர், இங்கே 340. உயர்ந்த சுருதிகளைக் கரியமிலக் காற்று விழுங்கிவிடுகிறது. ஆகவே செவ்வாய்த் தரையில் நடக்கும் காட்சிகளில் மேல்ஸ்தாயியை வெட்டி, சத்தத்தையும் குறைத்தோம். சுவருக்குப் பின்னாலிருந்து கேட்பது மாதிரி இருக்கும். இதற்காக ஆடாசிட்டி என்கிற ஒலி திருத்தும் மென்பொருளில் செலவான நேரம் கால் மணி, கதைக்குக் கிடைத்த லாபம் பெரியது.

இனி குரலுக்கு வருவோம்.

மண்டபத்தில் நேரடியாக நடிப்பதைச் சின்ன அளவில் ஒரு பள்ளி விழாவில் செய்து பார்த்தோம். கூட்டம் ரசித்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரசித்தது கதையை இல்லை, வாளியை. ஆசிரியர் வாளிக்குள் முகத்தை விட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதைப்படி அந்த இடத்தில் அவர் ஆக்சிஜன் தீர்ந்து சாகிறார். நகைச்சுவைக் கதை என்றால் மேடையைத் தாராளமாக எடுங்கள், சத்தம் உண்டாக்குவதைப் பார்ப்பதே பாதி விருந்து. பயமோ துக்கமோ வர வேண்டிய கதையில் கை தெரியக்கூடாது. அதோடு மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் நடுவில் வரும் ஊளையும் எங்கள் கைக்கு அடங்கவில்லை.

நேரடி என்றால் மேடைதான் என்று எண்ண வேண்டியதில்லை. 1938 அக்டோபர் 30 இரவு அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் குழு, எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவலைச் செய்தி அறிக்கை பாணியில் வானொலியில் நேரடியாக நடித்தது. கேட்டு ஊரே ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதியது என்று பின்னால் ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். எங்களுக்கு அதில் பாடமானது, களத்தில் நிற்கும் செய்தியாளரின் பேச்சு நடுவில் அறுந்து, சில விநாடி ஒன்றுமே கேட்காமல் போகும் இடம். அந்த நிசப்தத்தை நடிகர்கள் ஒரே அறையில் சேர்ந்து காத்தார்கள். மேடையில் ஆறு விநாடி மௌனம் விட்டுப் பாருங்கள், பின்வரிசையில் ஒருவர் இருமுவார், இன்னொருவர் வசனம் மறந்துபோச்சு என்பார்.

ஒருவரே வாசிப்பது செலவு குறைந்த வழி, நேரமும் மிச்சம். நல்ல தொண்டை ஒன்று ஊரில் இருந்தால் இதைக் குறைவாக எடைபோடாதீர்கள். மலேசிய அரசின் தமிழ் வானொலி, மின்னல் எஃப்எம்மாக மாறுவதற்கு முன் வானொலி 6 என்று பெயர் இருந்த காலத்தைச் சேர்ந்தவர் எங்கள் ஆசிரியர், அந்த நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர். வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் மூன்றாவது கதை, தன்னந்தனியாகப் பூமியைச் சுற்றும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. அதற்கு ஒரு குரலே போதும், கிராணி அக்காவே வாசித்தார். ஆனால் நாலு பேர் சண்டை போடும் கதையில் ஒருவரே எல்லாக் குரலும் கொடுத்தால் பாட்டி கதை சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டி சொன்னால் நம்புவோம், ஆசிரியர் சின்னப் பையன் குரலில் பேசினால் நம்ப முடியவில்லை.

அவரவர் வீட்டிலிருந்து பதிந்து அனுப்பும் முறையை ஒரு மாதம் முயன்றோம். ஒருவர் குளியலறையில், ஒருவர் நாய் குரைக்கும் ஐந்தடி நடைபாதையில், ஒருவர் போர்வைக்குள். ஒட்டினால் ஒரே விண்கலத்தில் இருக்கும் நாலு பேரும் நாலு வீட்டில் இருந்து பேசுவது தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், பேச்சுக்குப் பதில் பிறக்கவில்லை. ஒருவர் கத்தியிருப்பார், அதைக் கேட்காமல் பதிந்த மற்றவர் சாவகாசமாக "அப்படியா?" என்பார். ஆனாலும் அறிவியல் கதைக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது. ஜோகூர் பாருவில் படிக்கும் தங்கச்சி ஊருக்கு வர முடியவில்லை. அவளைச் செவ்வாயின் நிலவான போபோஸில் உட்கார வைத்துவிட்டோம். அவள் குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400க்கு மேலேயும் வெட்டினால் பழைய தொலைபேசிக் குரல். அந்தக் கம்பிக் குரலில் அறை வேறுபாடெல்லாம் மறைந்துபோனது. வெளியூரில் இருப்பவர்களை விட்டுவிட மனமில்லையா, வானொலியின் மறுமுனைக்கு அனுப்பிவிடுங்கள்.

கணினிக் குரல் பற்றித் தம்பியோடு இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. தமிழைச் சரளமாகவே வாசிக்கிறது, மறுக்கவில்லை. நம் எழுத்தில் 'ப' போன்ற ஓர் எழுத்தை அழுத்திச் சொல்வதா, மெலிந்து சொல்வதா என்று காட்டும் வேறுபாடு கிடையாது என்பதுதான் அதற்குத் தொல்லை. 'பாஸ் வந்துட்டாரு' என்று எழுதினால் முதலாளியைச் சொல்கிற பாஸா, பரீட்சையில் தேறுகிற பாஸா என்று நமக்குத் தெரியும். இயந்திரம் தேறிவிட்டது. 'மங்கு' என்பதைச் சரியாக உச்சரித்தது, ஆனால் ஒளி மங்குவது போல வினையாக நினைத்து அடுத்த சொல்லோடு இழுத்துவிட்டது. பால் வடியும் கிண்ணம் அது என்று அதற்கு யார் சொல்வது. அப்புறம் தோட்டத்துப் பேச்சில் கோபம் சொல்லில் இருக்காது, கடைசி எழுத்தை எவ்வளவு நீட்டுகிறோம் என்பதில் இருக்கும். ஒரே ஓர் இடத்தில் கணினிக் குரலை வைத்துக்கொண்டோம். முதல் கதையில் தண்டலாக, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளராக, வரும் ரோபோ. அது எல்லாச் சொல்லையும் கொஞ்சம் தப்பாகச் சொல்வது கதைக்கே பொருந்தியது.

மிஞ்சியது ஒரே அறை. நாங்கள் இதைத்தான் எடுத்தோம், ஆனால் இலவசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து பேரின் வேலை நேரம் ஒத்துவர மூன்று வாரம் ஆகிறது. முதலில் பழைய லயன் வீடு ஒன்றில் பதிந்தோம், சூழ்நிலை நன்றாக இருக்கும் என்ற ஆசையில். நாலு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை. அன்றைய பதிவு முழுவதும் வீண், மழைச் சத்தம் மட்டும் பிற்பாடு கதைகளுக்குப் பயன்பட்டது. இப்போது ஆசிரியர் வீட்டுப் படுக்கையறை. செங்கல் சுவர், கான்கிரீட் மேல்தளம், சுவரோரம் நிமிர்த்தி வைத்த இரண்டு மெத்தை, திறந்து வைத்த துணி அலமாரி. இரவு பத்து மணிக்குமேல் பதிகிறோம். ரயில் போனால் நிறுத்துகிறோம். காற்றாடியை அணைத்துவிட வேண்டும், ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய் வியர்வை ஆற்றிக்கொண்டு வர வேண்டும்.

மைக் விஷயத்தில் ஒரு தவறு செய்தோம். விலை கூடியது நல்லது என்று ஒரு கண்டென்சர் மைக் வாங்கினோம். அது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைக்கூடப் பதிந்தது. நல்ல ஸ்டூடியோ இருப்பவர்களுக்கு அது வரம், தோட்டப் பட்டணத்துப் படுக்கையறைக்குச் சாதாரண டைனமிக் மைக்தான் சரி. கிட்டே இருப்பதை மட்டும் கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வரும்போது புஸ்ஸென்று அடிக்காது. ஒவ்வொரு அமர்விலும் யாரும் பேசாமல் முப்பது விநாடி அறையைச் சும்மா பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வசனத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க முடியும்.

ஒரே அறையின் பலன் முதல் கதையில் தெரிந்தது. செவ்வாயில் கூடாரத்துக்குள் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்பதால் அங்கேயும் இருட்டில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். அந்த 39 நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று ஆட்கள் ரோபோத் தண்டலிடம் கேட்கிறார்கள். எழுதிய வசனம் பத்து வரிதான். ஒன்றாக உட்கார்ந்தபோது ஒருவர் பேச்சை ஒருவர் மறித்து, வசனத்தில் இல்லாத ஒரு வரியை ஆசிரியர் சொன்னார்: "எங்கப்பன் காலத்துலயும் கடிகாரம் துரை கையிலதான் இருந்துச்சு." அடுத்து ஒரு மௌனம். யாரும் திட்டமிடவில்லை. வாட்ஸ்அப்பில் அது வந்திருக்காது.

உரிமை பற்றிச் சுருக்கமாக. சொந்தக் கதை என்றால் கவலை இல்லை. பிடித்த எழுத்தாளரின் கதையைப் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. சுஜாதா 2008இல் காலமானார், அவர் கதைகளுக்குக் குடும்பத்திடம் அனுமதி கேட்க வேண்டும். எச்.ஜி. வெல்ஸ் 1946இல் இறந்தவர், அவர் ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். வேறு ஒருவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தால் அவருடைய உரிமை தனி.

வெளியிடும்போது மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி, போதும். 12 நிமிடக் கதை 64 கேபிபிஎஸ் தரத்தில் 6 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் தடையில்லாமல் போகும். நிசப்தத்தையும் சீறலையும் நம்பும் கதை என்றால் ஒலி அளவை ரொம்பச் சமன்படுத்திவிடாதீர்கள். ஆனால் பஸ்ஸில் கேட்பவருக்கு முணுமுணுப்பும் எட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம்.

ஆறில் மூன்று முடிந்தது. ஐந்தாவதில் தங்கச்சி பகுதி வந்துவிட்டது, மற்றவர்கள் தீபாவளி லீவுக்கு வர வேண்டும். நாலாவது கதை கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று பேசத் தொடங்குவதைப் பற்றியது. அது முதலில் பேசுவது சொல்லால் இல்லை, வெயிலில் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தத்தால். பட்டாசு, மூங்கில், கொட்டாங்கச்சி எல்லாம் வைத்துப் பார்த்தோம், ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டார். தீம்பாரில், அதாவது ரப்பர்க் காட்டில், காய் முற்றும்வரை அந்தக் கதையைத் தள்ளிவைத்திருக்கிறோம். மைக்கும் நிழலுக்கு ஒரு குடையும் தயாராக இருக்கின்றன.